சுத்தம் செய்த ஜெட் மறுபடி மறுபடி ஏன் அடைக்கிறது?

உங்கள் கேள்வி இதுதான்: அப்பா ஓட்டிய 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 நான்கு வருஷம் ஓடாமல் வீட்டிலேயே நின்றது. இப்போது சோக் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை எடுத்தால் அணைந்துவிடுகிறது. ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தால் ஓடுகிறது, விட்டால் ஸ்லோவில் நின்று ஓடுவதில்லை. மெக்கானிக் இரண்டு தடவை கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டில், அதாவது பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள பித்தளைத் திருகில், கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்தார். ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நாள் நன்றாக ஓடிவிட்டு, மறுபடி அதே தொல்லை. இப்போது புது கார்புரேட்டர் வாங்கச் சொல்கிறார். ஜெட்டை வீட்டிலேயே சுத்தம் செய்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் படுவது, நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு இரண்டு விஷயங்கள். சுத்தம் செய்த பிறகும் ஏன் திரும்ப அடைக்கிறது? பழைய கார்புரேட்டரைக் காப்பாற்ற முடியுமா? டூ ஸ்ட்ரோக் வண்டிகளோடு பல வருஷம் வேலை செய்தவன் என்ற முறையில் இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஜெட்டைச் சுத்தம் செய்யும் முறையும் அதற்குள் வந்துவிடும்.

முதலில் வண்டி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஆர்எக்ஸ் 100-ல் இருப்பது மிகுனி விஎம் வகை கார்புரேட்டர். இதில் சோக் என்பது காற்றை மறைக்கும் தகடு அல்ல. அதற்கென்று தனி ஜெட், தனிப் பாதை, அதைத் திறந்து மூட ஒரு சின்ன பிளஞ்சர். சோக் போட்டால் இந்தத் தனிப் பாதை வழியாகக் கூடுதல் பெட்ரோல் போகும். ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது பெட்ரோல் கொடுப்பது பைலட் ஜெட், நம் ஊரில் ஸ்லோ ஜெட் என்பார்கள். ஆக்சிலேட்டரை முறுக்கினால் மேலேறும் உருளைக்கு ஸ்லைடு என்று பெயர், அதோடு ஏறி இறங்கும் ஊசிதான் நீடில். பாதி ஆக்சிலேட்டரில் இந்த நீடிலும் அது இறங்கும் நீடில் ஜெட்டும் வேலை செய்யும். முக்கால் பாகத்துக்கு மேல் மெயின் ஜெட் பொறுப்பேற்கும். சோக்கில் ஓடுகிறது, முறுக்கினால் ஓடுகிறது, ஸ்லோவில் மட்டும் நிற்கவில்லை என்றால் பைலட் பாதையில்தான் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கிருந்தோ கணக்கில் இல்லாத காற்று உள்ளே வருகிறது. இதுவரை உறுதியாகச் சொல்லலாம்.

அடைப்பா, காற்றுக் கசிவா என்பதைத் தூரத்திலிருந்து சொல்வது பொதுவாகக் கடினம். இன்ஜினோடு கார்புரேட்டரைச் சேர்க்கும் இன்லெட் ரப்பர் வெடித்திருந்தாலும், பல வருஷம் நின்ற வண்டியில் கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) காய்ந்து சுருங்கியிருந்தாலும் அறிகுறி ஏறக்குறைய இதேபோலத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் சொன்ன ஒரு விவரம் அடைப்பின் பக்கம் சாய்கிறது. கம்பி விட்டுக் குத்தியதும் இரண்டு நாள் ஸ்லோ சரியாக நின்றது அல்லவா? ஆயில் சீல் போயிருந்தால் ஜெட்டைக் குத்தியதற்காக அது இரண்டு நாள் குணமாகி இருக்காது. அதனால் முதல் சந்தேகம் அடைப்புதான். சீல் நன்றாக இருக்கிறது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நின்ற வண்டியில் பைலட் ஜெட் ஏன் முதலில் அடைக்கிறது? பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, எளிதில் ஆவியாகும் பகுதியும் கனமான பகுதியும் கலந்தது. கார்புரேட்டரின் அடியில் மிதவையோடு (ஃப்ளோட்) இருக்கும் கிண்ணமான ஃப்ளோட் கப்பில் தேங்கிய பெட்ரோலில் இலேசான பகுதி சில வாரங்களிலேயே காற்றுத் துளை வழியாகப் போய்விடும். மீதியில் உள்ள சில சேர்மங்கள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகி, பிறகு பழுப்பு நிற வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். கப்பைத் திறந்தால் பழைய பெயிண்ட் டப்பாவைத் திறந்ததுபோல் ஒரு புளித்த வாடை வரும். இருப்பதிலேயே சின்னத் துளை பைலட் ஜெட்டுடையது, அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. மெயின் ஜெட்டில் மெல்லிய படலமாகத் தங்கும் அளவு பிசின் பைலட் ஜெட்டை முழுவதுமாக மூடிவிடும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு இன்னொரு பிரச்சினையும் சேர்ந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டர் உடல் துத்தநாகக் கலவை வார்ப்பு, ஜெட்டுகள் பித்தளை. அந்த ஈரத்தில் உடலில் வெள்ளைப் பொடியும் ஜெட்டில் பச்சைக் களிம்பும் பூக்கும். இது வேதியியல், சந்தேகமில்லை. ஆனால் இன்று பல கடைகளில் எந்தக் கோளாறு வந்தாலும் எத்தனால்தான் காரணம் என்கிறார்கள், அதை அப்படியே ஏற்க மாட்டேன். எத்தனால் இல்லாத காலத்திலும் நின்ற வண்டிகளில் ஜெட் அடைத்தது. உங்கள் வண்டியில் இருப்பது எது என்பது கப்பைத் திறந்தால் தெரியும்: பழுப்புப் பிசின் என்றால் பழைய பெட்ரோல், வெள்ளையும் பச்சையும் என்றால் ஈரம், செம்மண் நிறப் பொடி என்றால் டேங்கின் துரு. மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம்.

அந்த மூன்றாவதுதான் உங்கள் வண்டியின் இரண்டு நாள் கணக்குக்குக் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நான்கு வருஷம் பாதி காலியாக நின்ற இரும்பு டேங்கில் மேல் பாதி துருப்பிடிக்காமல் இருக்காது. பெட்ரோல் டேப்பில் உள்ள சல்லடை பெரிய செதிலைத் தடுக்கும், மாவு போன்ற துரு அதைத் தாண்டி வந்துவிடும். கார்புரேட்டரை எத்தனை சுத்தமாக மாட்டினாலும் மேலேயிருந்து இது இறங்கிக்கொண்டே இருந்தால் இரண்டு நாளில் பைலட் ஜெட் மறுபடி மூடும். சோதிப்பது சுலபம். வண்டியை ஒரு நாள் ஓட்டிய பிறகு, ஃப்ளோட் கப்பின் அடி ஸ்க்ரூவைத் திறந்து அதில் இருப்பதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். அரை மணி நேரம் அசையாமல் வைத்து அடியைப் பாருங்கள். வண்டல் இருந்தால் பாட்டிலுக்கு வெளியே காந்தத்தை வைத்து நகர்த்துங்கள். கூடவே நகர்ந்தால் அது டேங்கின் இரும்பு. நகராவிட்டால் துரு இல்லை என்று எண்ணிவிடாதீர்கள், செந்துரு காந்தத்தில் அவ்வளவாக ஒட்டாது. அடியில் தனிக் குமிழாகவோ தனி அடுக்காகவோ ஏதாவது நின்றால் அது தண்ணீர்.

இப்போது கம்பி விஷயம். நம் ஊர்க் கடைகளில் ஜெட்டைக் குத்துவதற்குப் பழைய கிளட்ச் கேபிளிலிருந்து உருவிய இழை இருக்கும், அல்லது மண்ணெண்ணெய் ஸ்டவ் பின். இரண்டும் எஃகு, ஜெட் பித்தளை. எஃகு பித்தளையை வெட்டும். ஜெட்டை வெறும் துளையாகப் பார்த்தால் இதில் தவறு தெரியாது. அது ஓர் அளவு, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் இவ்வளவு பெட்ரோல்தான் போகலாம் என்று துல்லியமாகத் துளைத்து, அதற்கு எண் பொறித்திருக்கிறார்கள். துளையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் பரப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும், 0.40 மில்லிமீட்டர் 0.44 ஆனால் பரப்பு 21 சதவீதம் அதிகம். அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வண்டி புகை தள்ளும், பிளக் கறுக்கும், மைலேஜ் விழும். பிறகு அதைச் சரிக்கட்ட, ஸ்லோவுக்கான காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பி எங்கும் செட் ஆகாமல் போகும். கம்பியால் குத்தினால் பிசினின் நடுவில் ஒரு வழி பிறக்கும், ஓரத்தில் ஒட்டியது அப்படியே இருக்கும். அதன் துகள் இரண்டு நாள் கழித்துப் பெயர்ந்து வந்து மூடும்.

உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு கார்புரேட்டரை முறையாகச் சுத்தம் செய்ய அரை நாள் ஆகும், ஊறவைத்தால் ஒரு நாள். நாம் கொடுக்கும் கூலிக்கும் வாசலில் நிற்கும் அடுத்த வண்டிக்கும் இடையில் அவருக்குக் கிடைப்பது கால் மணி நேரம். அந்த நேரத்துக்குள் செய்யக்கூடியது கம்பி விடுவதுதான். உங்களிடம் நேரம் இருக்கிறது, ஆகவே நீங்களே செய்வது நல்லது என்பேன்.

வேலையைத் திறந்த வெளியில் வையுங்கள். பக்கத்தில் சிகரெட், சாமி விளக்கு, ஓடிக்கொண்டிருக்கும் கிரைண்டர் எதுவும் வேண்டாம். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து தூரம் போகும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், கையுறை இருந்தால் நல்லது. கார்புரேட்டரை எடுக்கும்போது ஆர்எக்ஸ் 100-ன் ஆட்டோலூப் ஆயில் குழாயைக் கவனியுங்கள். ஆட்டோலூப் என்பது தனி பம்ப் மூலம் இன்ஜினுக்கு ஆயில் கொடுக்கும் அமைப்பு. அதைக் கழற்றாமல் வேலை முடிந்தால் மிக நல்லது. கழற்ற நேர்ந்தால் மாட்டிய பிறகு குழாயில் உள்ள காற்றை வெளியேற்றாமல் இன்ஜினை ஓட்டவே கூடாது. காற்றுக் குமிழ் இருக்கும் நேரமெல்லாம் பிஸ்டனுக்கு ஆயில் போகாது. முந்தைய ஓனர்கள் சிலர் பம்ப்பை எடுத்துவிட்டு டேங்கிலேயே ஆயில் கலந்து ஓட்டியிருப்பார்கள். உங்கள் வண்டி எந்த வகை என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜப்பான் வண்டிகளின் ஸ்டார் ஸ்க்ரூக்கள் நாம் கடையில் வாங்கும் சாதாரண ஸ்டார் திருப்புளிக்குச் சரியாகப் பொருந்தாது. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் பள்ளத்தின் வடிவம் வேறு. சாதாரண திருப்புளி வழுக்கி மேலெழும், தலை தேய்ந்துவிடும். ஜப்பான் தர அளவான ஜேஐஎஸ் திருப்புளி என்று கேட்டால் பெரிய டூல்ஸ் கடைகளில் கிடைக்கும். பைலட் ஜெட்டுக்கு அதன் வெட்டில் ஆட்டமில்லாமல் உட்காரும் அகலத்தில் ஒரு மைனஸ் திருப்புளி வேண்டும். பித்தளை மிருதுவானது, அரைகுறையாகப் பொருந்திய திருப்புளியால் முறுக்கினால் வெட்டின் உதடு உடைந்து ஜெட் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இறுகியிருந்தால் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து இரவு முழுக்க விட்டுவிட்டு மறுநாள் முயலுங்கள்.

கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுங்கள். ஏர் ஸ்க்ரூவை எடுக்கும் முன் அதை மெதுவாக உள்பக்கம் திருப்பி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். உட்கார்ந்ததும் நிறுத்திவிட வேண்டும், இறுக்கினால் கூர்முனை இருக்கையைக் கிழிக்கும். நீடிலின் கிளிப் மேலிருந்து எத்தனையாவது வெட்டில் இருக்கிறது என்பதும் குறிப்பில் வரட்டும். ஃப்ளோட்டின் பின்னைத் தாங்கும் இரண்டு சிறு தூண்கள் வார்ப்பில் வந்தவை, தட்டினால் உடைந்துவிடும். பின் எந்தப் பக்கம் எளிதாக நகர்கிறதோ அந்தப் பக்கம் மெல்லத் தள்ளுங்கள். ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் தனியே எடுத்துவிட்ட பிறகுதான் ஸ்ப்ரே. கார்ப் கிளீனரில் இருக்கும் கரைப்பான்கள் ஓ-ரிங்கை ஊதவைத்துவிடும், டேங்க் பெயிண்டையும் உரித்துவிடும்.

ஜெட்டுகளைக் கழற்றி ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் கார்ப் கிளீனரில் ஊறவையுங்கள். மண்ணெண்ணெயும் புதுப் பெட்ரோலும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், இறுகிய வார்னிஷை அவ்வளவாக எடுக்காது. ஊறிய ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளை முழு வட்டமாக, ஓரம் கூர்மையாகத் தெரிய வேண்டும். நிலாப் பிறை மாதிரித் தெரிந்தால் இன்னும் ஒட்டியிருக்கிறது. பைலட் ஜெட்டின் பக்கவாட்டில் குறுக்குத் துளைகள் இருக்கும், அவை பெட்ரோலோடு காற்றைக் கலப்பவை. நடுத்துளையைப் பார்த்துத் திருப்தியாகிறவர்கள் இந்தப் பக்கத் துளைகளை விட்டுவிடுவார்கள். நீடில் ஜெட்டிலும் சுற்றிலும் துளைகள் இருந்தால் அவற்றையும் பாருங்கள். பிடிவாதமான அடைப்புக்குக் கம்பி தேவைப்பட்டால், பல இழை ஒயரை உரித்து ஒற்றைச் செம்பு இழை எடுங்கள். அது பித்தளையைவிட மிருது. துளையைவிட மெல்லியதாக இருக்க வேண்டும், சுழற்றாமல் நேராக விட்டு எடுக்க வேண்டும். மெல்லிய தூண்டில் நைலான் நரம்பும் நல்லதே.

பச்சைக் களிம்புக்குப் புளியோ எலுமிச்சையோ போடலாமா என்று நீங்கள் யோசிக்கலாம், பித்தளைப் பாத்திரம் தேய்க்கும் வீட்டில் இது இயல்பாகத் தோன்றும் யோசனை. பித்தளை ஜெட்டை மட்டும் சில நிமிஷம் எலுமிச்சைச் சாற்றில் போட்டுத் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் கெடுதல் இல்லை. கார்புரேட்டர் உடலை எந்த அமிலத்திலும் போடாதீர்கள். துத்தநாகத்தை அமிலம் தின்னும், உள்பாதைகளின் சுவர் சொரசொரப்பாகும், பிறகு அழுக்கு முன்னைவிட வேகமாகப் பிடிக்கும். டாய்லெட் கிளீனரில் ஊறவைத்து உடல் பளபளவென்று வந்ததாக வீடியோக்களில் காட்டுவார்கள். அந்தப் பளபளப்புக்குக் கொடுத்த விலை உள்ளே இருக்கிறது, கேமராவில் தெரியாது.

இந்தப் பதிலில் நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் அடுத்தது. ஜெட் அடைப்பு என்று நாம் சொல்வதில் பாதி ஜெட்டில் இருப்பதில்லை, உடலுக்குள் ஓடும் பாதைகளில் இருக்கிறது. ஏர் ஃபில்டர் பக்க வாயில் ஒரு சிறு துளை தெரியும், பைலட் பாதைக்கான காற்று அதில் நுழைந்து ஏர் ஸ்க்ரூவைத் தாண்டி ஜெட்டுக்கு வருகிறது. அங்கே பெட்ரோலோடு கலந்து, ஸ்லைடுக்கு அந்தப் பக்கம், இன்ஜின் ஓரமாக உள்ள ஊசிமுனை அளவுத் துளையில் வெளியே வருகிறது. ஸ்லைடின் விளிம்புக்குக் கீழேயே இன்னொரு துளை இருக்கும், ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திறந்ததும் அதிலும் பெட்ரோல் வரும். ஜெட்டைக் கண்ணாடிபோலத் துடைத்து மாட்டினாலும் இந்தத் துளைகள் மூடியிருந்தால் ஸ்லோ நிற்காது. இவற்றில் கம்பி விடவே முடியாது, பாதைகள் வளைந்து போகின்றன. ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் இல்லாத நிலையில் ஜெட் உட்காரும் குழியில் ஸ்ப்ரேயின் குழாயை வைத்து அடியுங்கள். ஏர் ஸ்க்ரூ துளையிலும், வாயின் காற்றுத் துளையிலும், ஸ்லைடு ஓடும் இடத்தின் சிறு துளைகளிலும் பீய்ச்சிக்கொண்டு வர வேண்டும். ஒன்றை விரலால் மூடினால் மற்றவற்றில் வேகம் கூட வேண்டும். எதில் வரவில்லையோ அதுதான் உங்கள் அடைப்பு. இப்படி அடிக்கும்போது எதிர்பாராத துளையிலிருந்து முகத்துக்கு நேரே தெறிக்கும், கண்ணாடி கட்டாயம் என்றது இதற்காகத்தான்.

வராத துளைக்குப் பொறுமைதான் மருந்து. ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, பஞ்சர் கடைக்கு எடுத்துப்போய்க் கம்ப்ரெசர் காற்றை எதிர்த்திசையில் ஊதுங்கள், அதாவது இன்ஜின் பக்கத் துளையிலிருந்து ஜெட் குழியை நோக்கி. வந்த வழியே அழுக்கைத் திருப்பித் தள்ளினால் எளிதில் பெயரும். ஃப்ளோட்டையும் ஊசி வால்வையும் எடுக்காமல் கம்ப்ரெசர் காற்று அடிக்காதீர்கள், ஃப்ளோட் நசுங்கிவிடும். அல்ட்ராசோனிக் கிளீனர் வைத்திருக்கும் கடை பக்கத்தில் இருந்தால் உடலை மட்டும் கொடுத்து வாங்குங்கள். திரவத்தில் நுண்குமிழ்கள் உருவாகி வெடிக்கும் விசையால் அழுக்கைப் பெயர்ப்பது அதன் வேலை முறை, வளைந்த பாதைகளிலும் அது வேலை செய்யும். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதமான சோப்பே போதும், அமிலக் கரைசல் போடுவார்களானால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் காற்று ஊதி, பாதைகளைச் சோதித்துத்தான் மாட்ட வேண்டும்.

டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில்களைப் பற்றியும் பலர் கேட்பார்கள். இலேசான படலத்துக்கு அவை கொஞ்சம் உதவலாம். முழுவதும் மூடிய ஜெட்டில் பெட்ரோலே போகாது, பெட்ரோல் போகாத இடத்துக்கு அதில் கலந்த மருந்து எப்படிப் போகும்? உங்கள் வண்டிக்கு அதில் பணம் போட வேண்டாம்.

உங்கள் ஜெட்டுகள் ஏற்கெனவே இரண்டு முறை குத்துப்பட்டவை. எவ்வளவு சுத்தமானாலும் அவற்றின் அளவை நான் நம்ப மாட்டேன். உடலை இப்படிச் சுத்தம் செய்துவிட்டு, பைலட் ஜெட், மெயின் ஜெட் இரண்டையும் புதிதாக மாட்டுங்கள். பழையதில் பொறித்த எண்ணையும் சர்வீஸ் மேனுவல் சொல்லும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள், முப்பது வருஷத்தில் யாராவது வேறு எண் மாட்டியிருக்கலாம். முழு கார்புரேட்டரோடு ஒப்பிட்டால் ஜெட்டின் விலை மிகக் குறைவு. சென்னையில் இருந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் விசாரிக்கலாம். மரையும் வடிவமும் மாறுபடும் என்பதால் பழைய ஜெட்டைக் கையில் எடுத்துப் போங்கள். புதுப்பேட்டையில் பழைய கார்புரேட்டர் கிடைக்கும்தான். ஆனால் அதுவும் யாரோ ஒருவர் கம்பி விட்டதாகத்தான் இருக்கும்.

அப்படியானால் கார்புரேட்டரையே மாற்ற வேண்டிய நிலை எது? ஸ்லைடைக் கையால் ஆட்டினால் லொடலொடவென்று ஆடுமளவு தேய்ந்திருந்தால், ஃப்ளோட் தூண் உடைந்திருந்தால், ஜெட்டின் மரை போயிருந்தால், பாதைகளுக்குள் வெள்ளை அரிப்பு குழி குழியாக இறங்கியிருந்தால் மாற்றுங்கள். இவை எதுவும் இல்லாமல் அடைப்புக்காக மட்டும் அசல் மிகுனியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ஒன்றை மாட்டுவது நஷ்டம். ஆர்எக்ஸ் 100 இங்கே 1985 முதல் 1996 வரைதான் தயாரானது, அசல் பாகங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. பெட்டியில் அச்சடித்த பெயரை மட்டும் நம்பி வாங்கவும் முடியாத நிலை. துருப்பிடித்த அதே டேங்கின் கீழே மாட்டினால் புது கார்புரேட்டரும் இரண்டு நாளில் இதே நிலைக்கு வரும்.

ஆகவே டேங்க் இல்லாமல் இந்த வேலை முடியாது. பெட்ரோலை வடித்துவிட்டு டேப்பைக் கழற்றுங்கள். காலி டேங்கில் இருக்கும் ஆவி நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, நெருப்பு, வெல்டிங் எதுவும் அருகில் வரக் கூடாது. சோப்புத் தண்ணீரில் பல முறை அலசி, பெட்ரோல் வாடை போன பிறகு வெந்நீரில் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து நிரப்பி ஒரு நாள் விடுங்கள். கொட்டிவிட்டுச் சமையல் சோடாத் தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, உடனே வெயிலில் வைத்து முழுக்க உலர்த்துங்கள். உலர்ந்ததும் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயிலை உள்ளே ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி சுழற்றுங்கள், இல்லையென்றால் சுத்தமான இரும்பு சில மணி நேரத்தில் மறுபடி செம்மை பூக்கும். டேப்பின் சல்லடையையும் அடிக் கிண்ணத்தையும் கழுவுங்கள். பெட்ரோல் குழாய் கெட்டியாகியிருந்தால் மாற்றுங்கள். அந்தக் காலத்து ரப்பர் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டதல்ல, உள்பக்கம் உரிந்து அதுவே அடைப்பாகும். டேங்க் மூடியின் காற்றுத் துளையையும் ஊதிப் பாருங்கள். அது மூடியிருந்தால் சில கிலோமீட்டர் ஓடிய பிறகு பெட்ரோல் இறங்காமல் வண்டி நிற்கும், மூடியைத் திறந்தால் ஓடும். அதையும் ஜெட் அடைப்பு என்று நினைத்துக் கார்புரேட்டரைக் கழற்றியவர்கள் நிறைய.

மாட்டும்போது ஸ்லைடின் வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும், அதன் நீளப் பள்ளம் உடலில் உள்ள முளையில் பொருந்த வேண்டும். பலவந்தமாகத் தள்ளினால் ஆக்சிலேட்டர் திறந்த நிலையிலேயே சிக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் முறுக்கி விடுங்கள், ஸ்லைடு டக்கென்று விழும் சத்தம் கேட்க வேண்டும். இன்ஜின் சூடானதும் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். உங்கள் கார்புரேட்டரில் இது ஏர் ஃபில்டர் பக்கம் இருப்பதால் உள்ளே திருப்பினால் பெட்ரோல் பங்கு கூடும், வெளியே திருப்பினால் குறையும். இன்ஜின் பக்கம் ஸ்க்ரூ உள்ள சில ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் இது தலைகீழ். ஸ்லோ அதிகமாக ஏறும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்க்ரூவை எப்படித் திருப்பினாலும் இன்ஜின் சத்தம் மாறவே இல்லை என்றால் பைலட் பாதை இன்னும் மூடியிருக்கிறது. ஸ்க்ரூ முழுவதும் உள்ளே போனால்தான் ஸ்லோ நிற்கிறது என்றால் பாதி அடைப்பு அல்லது காற்றுக் கசிவு.

பாதைகள் எல்லாம் திறந்திருக்கின்றன, ஜெட் புதிது, இன்லெட் ரப்பரிலும் வெடிப்பில்லை, அப்படியும் ஸ்லோ நிற்காமல் ஏறி இறங்கினால்தான் கிராங்க் சீல் மீது கை வைக்க வேண்டும். இன்ஜினின் வாய்களை மூடி, குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றி, அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. அது தெரிந்த டூ ஸ்ட்ரோக் ஆளிடம்தான் போக வேண்டும், வீட்டில் செய்யும் வேலை அல்ல.

இவையெல்லாம் முடியும்வரை வண்டியை முழு ஆக்சிலேட்டரில் விரட்டாதீர்கள். பைலட் ஜெட்டை அடைத்த அதே துரு மெயின் ஜெட்டையும் பாதி மூடியிருக்கலாம், அது ஸ்லோவில் தெரியாது. டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே வரும் பெட்ரோல் பிஸ்டனைக் குளிர்விக்கவும் செய்கிறது. நீண்ட சாலையில் முழு வேகத்தில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துவிடும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆட்டோலூப் இருப்பதால் ஆயில் வந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் சூட்டை அது தணிக்காது. டேங்கில் ஆயில் கலந்த வண்டியாக இருந்தால் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து குறையும், அது இன்னும் மோசம். ஓட்டும்போது இழுவை திடீரென்று தளர்ந்து சத்தம் மாறினால் யோசிக்காமல் கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை மூடி ஓரம் கட்டுங்கள்.

வேலை முடிந்த முதல் வாரம் இரண்டு நாளுக்கு ஒரு தடவை கப்பின் அடி ஸ்க்ரூவைத் திறந்து பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். வண்டல் வருவது நின்றால் டேங்க் சுத்தமாகிவிட்டது. பிறகு எப்போது வண்டியை இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்தினாலும் டேப்பை மூடிவிட்டு, கப்பில் உள்ள பெட்ரோலை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.